நடைவழியும் நயமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கியமும் இசையும் முழங்கும் இம்மேடையில் கேளிக்கைப் பூங்காக்களின் நடைபாதையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சிலர் புன்னகை புரிவது எனக்குத் தெரிகிறது. இராட்டினங்களைப் பற்றிப் பேசினாலாவது பொருத்தமாயிருக்கும், வெறும் பாதையில் பேசுவதற்கு என்ன உண்டு என்று அவர்கள் எண்ணலாம். ஆனால் ‘தீம் பார்க்’ என்று நம் பிள்ளைகள் ஆவலோடு கூறும் அவ்விடத்தில் ஒரு நாள் முழுவதும் சுற்றிவிட்டுத் திரும்பும் பெற்றோரைக் கேட்டுப் பாருங்கள். இராட்டினத்தில் அமர்ந்திருந்தது சில நிமிடங்களே. எஞ்சிய பொழுதெல்லாம் நடந்திருப்பார்கள், அல்லது நின்றிருப்பார்கள்.

அவ்வழிகளை அமைப்பவருக்கு இரண்டு கடமைகள் உண்டு. ஆயிரக்கணக்கான மக்கள் இடிபடாமல் சென்றுவர வேண்டும். அப்படிச் செல்லும்போதே அவர்கள் மனம் மகிழவும் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று எளிதில் இணங்குவதில்லை. அகன்ற பாதை கூட்டத்தைத் தாங்கும். கூட்டமில்லாத வேளையில் அது வெயில் காயும் களம் போல் வெறிச்சோடிக் கிடக்கும். குறுகி வளைந்த சந்து மனத்தைக் கவரும். திருவிழா நாளில் அதுவே மூச்சை அடைக்கும். ‘அப்படியானால் எத்தனை மீட்டர் அகலம் வேண்டும்?’ என்று இளம் பொறியாளர்கள் கேட்கிறார்கள். ஒரே எண்ணை விடையாகத் தேடும்வரை இச்சிக்கல் தீராது என்பது என் கருத்து. கண்ணுக்கு வேண்டிய அகலம் வேறு. காலுக்கு வேண்டிய அகலம் வேறு.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து அனஹைம் நகரில், ஆரஞ்சுத் தோப்புகளாய் இருந்த 160 ஏக்கர் நிலத்தில் எழுந்தது டிஸ்னிலாந்து. 1955 ஜூலை 17-ஆம் நாள் திறப்பு விழா. ஏறத்தாழ 15,000 பேருக்கு அழைப்பு; கள்ளச் சீட்டுகளோடும் சேர்ந்து நுழைந்தவர் 28,000 பேர் என்பர். புதிதாகப் போட்ட தார் கொளுத்தும் வெயிலில் இளகி, பெண்மணிகளின் குதிகால் செருப்புகள் அதில் புதைந்தன. நடைபாதையின் முக்கியத்துவத்தை முதல் நாளிலேயே உலகுக்கு உணர்த்திய பூங்கா அது என்று சொல்லத் தோன்றுகிறது!

ஆயினும் அதன் அமைப்பில் பெரிய அறிவு இருந்தது. வால்ட் டிஸ்னி ஒரே ஒரு வாயிலைத்தான் வைத்தார். வாயிலைக் கடந்து புகைவண்டிப் பாதையின் அடியில் புகுந்தால் மெயின் ஸ்ட்ரீட் என்னும் கடைவீதி. அவ்வீதியின் கட்டடங்கள் மேலே போகப்போகச் சிறியனவாய்க் கட்டப்பட்டவை. அதனால் உள்ளதைவிட உயரமாய்த் தோன்றும். வீதியின் கோடியில் உறங்கும் அழகியின் கோட்டை. அதன் உயரம் 77 அடிதான். கீழே பெரிய கற்களும் மேலே சிறிய கற்களும் போலத் தோன்றும்படி செய்த வேலைப்பாட்டினால் அது வானளாவியதாகக் காட்சி தருகிறது. கோட்டைக்கு முன்னே ஒரு வட்டம். அங்கிருந்து ஆரக்கால்கள் போல ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வழி பிரிகிறது. வழியின் கோடியில் கண்ணை இழுக்கும் பொருள் ஒன்றை நிறுத்துவது டிஸ்னியின் வழக்கம். அதற்கு அவர் ‘வீனி’ என்று பெயரிட்டார். நாயைத் தம் பின்னே வரச்செய்யக் காட்டும் இறைச்சித் துண்டுக்கு அங்கே வழங்கும் பெயர் அது. பெயர் நயமற்றது, கருத்து நயமானது. கைகாட்டி மரங்கள் இல்லாமலே மக்கள் தாமாகப் பிரிந்து செல்கிறார்கள். அழகே இங்கே போக்குவரத்துக் காவலராகப் பணிபுரிகிறது.

ஐரோப்பியர் மற்றொரு வழியைக் கண்டனர். நெதர்லாந்து நாட்டின் எஃப்டெலிங் பூங்காவில் 1952-இல் திறந்த தேவதைக் கதைக் காடு ஓவியர் அன்டன் பீக்கின் கற்பனையில் உருவானது. அங்கே மரங்களுக்கிடையே பாதைகள் வளைந்து வளைந்து செல்கின்றன. ஒவ்வொரு வளைவும் ஒரு திரை. காட்டினுள் எத்தனை பேர் இருந்தாலும் நம் கண்ணில் படுபவர் சிலரே. கூட்டம் குறையவில்லை, கூட்டத்தின் தோற்றம் குறைகிறது. மனிதர் வெறுப்பது நெருக்கத்தைவிட நெருக்கத்தின் காட்சியையோ என்றுகூட எண்ண வேண்டியிருக்கிறது.

இதைக் கேட்டு, எல்லாப் பாதைகளையும் குறுக்கி வளைத்துவிடலாம் என்று எவரும் முடிவுகட்டிவிட வேண்டாம். கணக்கு இடங்கொடாது. பிரிட்டனில் விளையாட்டரங்குகளுக்கு வகுத்த நெறியின்படி, சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு நிமிடத்துக்கு அதிகமாய்ப் போனால் 82 பேர் கடக்கலாம். நான்கு மீட்டர் பாதை ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருபுறமும் சுவரை ஒட்டிய அரை அரை மீட்டரில் பெரும்பாலும் யாரும் நடப்பதில்லை; தோள் உரசும் என்று விலகியே செல்வர். ஆகவே பயன்படுவது மூன்று மீட்டர். நிமிடத்துக்கு 246 பேர். மணிக்கு 15,000-க்குச் சற்றுக் குறைவு. இரவில் வாணவேடிக்கை முடிந்தவுடன் 30,000 பேர் வாயிலை நோக்கித் திரும்புகிறார்கள் என்றால், இந்த ஒரே பாதையில் எல்லோரும் வெளியேற இரண்டு மணி நேரம் ஆகும். தூங்கும் குழந்தையைத் தோளில் சுமந்திருக்கும் தாய்க்கு அந்த இரண்டு மணி நேரத்தில் பாதையின் அழகு எங்கே தெரியப் போகிறது?

தாமதம் மட்டுமே தீங்கு என்றாலும் பொறுக்கலாம். பாதசாரிகளின் இயக்கத்தை ஆராய்ந்து 1971-இல் நூல் வெளியிட்ட ஜான் ஃப்ரூயின் என்னும் பொறியாளர், ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் அளவுக்கு நெருங்கிவிட்டால் கூட்டம் நீர்போல் ஆகிவிடுகிறது என்று காட்டினார். அதன்பின் தனி மனிதனின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. அலை அடித்த பக்கம் உடல் போகும். 2022 அக்டோபர் 29-ஆம் நாள் இரவு தென்கொரியத் தலைநகர் சியோலில், இதேவொன் பகுதியில், சரிவான ஒரு சந்தில் விழாக் கொண்டாட வந்த கூட்டம் சிக்கியது. அச்சந்தின் அகலம் மிகக் குறுகிய இடத்தில் 3.2 மீட்டர். இறந்தவர் 159 பேர், பெரும்பாலோர் இளைஞர். குறுகிய சந்தின் கவர்ச்சியும் அதன் அபாயமும் ஒரே இடத்தில் குடியிருந்தன.

இவ்வூர் அன்பர்களுக்குச் சியோல் வரை செல்லத் தேவையில்லை. 2017 செப்டம்பர் 29-ஆம் நாள் காலை, நம் மும்பையில் இன்று பிரபாதேவி என்று வழங்கும் எல்ஃபின்ஸ்டன் ரோடு நிலையத்தின் நடைமேம்பாலத்தில் 23 உயிர்கள் பறிபோயின. அன்று மழை. நனையாதிருக்கப் பாலத்திலும் படிக்கட்டிலும் நின்றவர்கள் பலர். இரயில்களிலிருந்து இறங்கியவர்கள் பின்னால் வந்துகொண்டே இருந்தனர். நிற்பவருக்கும் நடப்பவருக்கும் ஒரே இடம் என்றானதே அங்கு நேர்ந்த கொடுமை. பூங்காவைப் பற்றிய பேச்சில் இதை ஏன் சொல்கிறேன் என்றால், பூங்காவின் நெரிசலுக்கும் இதே காரணம்தான். நடப்பவர்களால் பாதை அடைபடுவது அரிது. படம் எடுக்க நிற்பவர், குழந்தைக்குச் செருப்பு மாட்ட நிற்பவர், பாட்டிக்காகக் காத்து நிற்பவர் ஆகியோரால்தான் அடைபடுகிறது. அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. நிற்பதற்குத்தானே பூங்காவுக்கு வருகிறோம்! நிற்க இடம் தராமல் பாதை மட்டும் போட்டவர்மேல்தான் குற்றம்.

டிஸ்னிலாந்தில் 1966-இல் திறந்த நியூ ஆர்லியன்ஸ் சதுக்கத்தை இதற்கு நல்ல சான்றாகக் கொள்ளலாம். அங்கே ஆற்றங்கரையோரமாக ஓர் அகன்ற வழி. அதற்குப் பின்னே கடைகளுக்கிடையில் இரும்பு மாடங்களும் பூந்தொட்டிகளுமாகக் குறுகிய தெருக்கள். அவசரமாகச் செல்பவர் ஆற்றோரம் போய்விடுவார். உலாவ விரும்புபவர் உள்ளே நுழைவார். ஒருவருக்கொருவர் இடையூறில்லை. சிறந்த தீர்வு, ஆனால் அதையும் காப்பாற்ற வேண்டுமல்லவா? 1992-இல் அந்த ஆற்றின் மேலேயே ஓர் இரவுக் காட்சியைத் தொடங்கினார்கள். காட்சியைக் காணும் கூட்டம் அமர்ந்தது எங்கே? அந்த அகன்ற கரைவழியில்தான். ஓடுவதற்கென்று வைத்திருந்த வழி உட்காரும் திண்ணையாயிற்று. பணியாளர்கள் கையில் விளக்கேந்தி, ‘நில்லாமல் செல்லுங்கள்’ என்று இரவுதோறும் வேண்டிக்கொள்ளும் நிலை வந்தது. சதுக்கத்தினுள் தேவதைகளின் முற்றம் என்ற சிறு முற்றமும் இருந்தது. வளைந்த படிக்கட்டு ஒன்று. வேறெங்கும் செல்லாத இடம். குடும்பங்கள் ஆண்டுதோறும் வந்து அப்படிக்கட்டில் நின்று படம் எடுத்துக்கொள்ளும். 2013-இல் அது பொதுமக்களுக்கு மூடப்பட்டுத் தனி மன்றம் ஒன்றின் உறுப்பினருக்கு உரியதாயிற்று. பாதையை அடைக்காமல் நிற்பதற்கு அமைந்த அரிய இடத்தை இப்படி இழந்தது வருந்தத்தக்கது.

தவற்றிலிருந்து கற்றவர்களும் உண்டு. ஃபுளோரிடாவில் யூனிவர்சல் நிறுவனத்தார் 2010 ஜூன் 18-இல் ஹாரி பாட்டர் கதையின் ஹாக்ஸ்மீட் கிராமத்தைத் திறந்தனர். கதையில் உள்ளபடியே ஒரே தெரு, சின்னஞ்சிறு கடைகள். மந்திரக்கோல் விற்கும் கடையில் ஒரு தடவைக்குச் சில பேரே நுழைய முடிந்தது. வெளியே வரிசை மணிக்கணக்கில் நீண்டது. கதைக்கு உண்மையாயிருந்தது, கால்களுக்குக் கொடுமையாயிருந்தது. 2014-இல் பக்கத்துப் பூங்காவில் அதே நிறுவனத்தார் டயகன் ஆலியை அமைத்தபோது, ஒரே தெரு என்ற எண்ணத்தைக் கைவிட்டனர். முதன்மைச் சந்திலிருந்து கிளைச் சந்துகள், கூரை வேய்ந்த அங்காடி, இருள் சூழ்ந்த பக்கத் தெரு என்று பல மடிப்புகள் வைத்தனர். மந்திரக்கோல் கடைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட அறைகள் அமைத்து, ஒரே நேரத்தில் பல குழுக்கள் காட்சி காண வழி செய்தனர். எந்த இடத்தில் நின்றாலும் தெரு குறுகலாகவே தோன்றும். காலுக்கோ வழிகள் பல. வங்கிக் கட்டடத்தின் உச்சியில் ஒரு யாளி போன்ற பறவைநாகம் அவ்வப்போது தீ உமிழ்கிறது. அதைக் காண எல்லோரும் நடுத்தெருவில் அண்ணாந்து நின்றுவிடுவது மட்டும் இன்னும் தீராத குறை!

இதற்கு மாறாக, அகலப்படுத்துவதே தீர்வு என்று கொண்டவர்களும் உள்ளனர். 2019 மே 31-இல் டிஸ்னிலாந்தில் ‘ஸ்டார் வார்ஸ்’ பகுதியைத் திறக்குமுன் பாத்திகளையும் வேலிகளையும் நீக்கிப் பல பாதைகளை விரித்தனர். குழந்தை வண்டிகள் 31 அங்குல அகலத்துக்கும் 52 அங்குல நீளத்துக்கும் மேற்படக்கூடாது என்று விதித்தனர். வண்டிக்கு வரம்பு கட்டியது சரியே. பாதைகள் சில இடங்களில் விரிந்தே ஆக வேண்டியிருந்தன. ஆனால் பூம்பாத்தியின் கரை வெறும் அலங்காரம் அன்று. களைத்தவர் சாய்ந்து நிற்கும் இடம் அது. அதை எடுத்துவிட்டால் சாய்ந்து நின்றவர் மறைந்து போவதில்லை. பாதையின் நடுவே வந்து நிற்கிறார். நிழல் தரும் மரத்தை வெட்டிவிட்டால், எஞ்சிய ஒரு மரத்தடியில் எல்லோரும் கூடுகின்றனர். வெயிலும் மழையும் கடுமையான நம் நாட்டில் பூங்கா அமைப்போர் இதை இரண்டு மடங்கு சிந்திக்க வேண்டும். அதிலும் நம் குடும்பங்கள் தாத்தா பாட்டி முதல் கைக்குழந்தை வரை பத்துப் பேராய்ச் சேர்ந்து நடப்பவை. நின்றால் பத்துப் பேரும் நிற்பார்கள்.

மூன்றாவதாக ஒரு வழியும் கையாளப்படுகிறது. அது எனக்கு உடன்பாடன்று. பாதையைத் தொடாமல் கட்டணத்தை உயர்த்திக் கூட்டத்தைக் குறைப்பது. 1955-இல் டிஸ்னிலாந்தில் பெரியவருக்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். விளையாட்டுகளுக்குத் தனிச் சீட்டு. 2016 முதல் நெரிசல் நாளுக்கு அதிகக் கட்டணம் என்ற முறை வந்தது. இப்போது ஒரு நாள் கட்டணம் நூறு டாலரைத் தாண்டிவிட்டது. பாதையின் நயம் காக்கப்படுகிறது என்று மகிழலாம். யாருக்காகக் காக்கப்படுகிறது என்று கேட்டால் விடை கசக்கிறது. ஆண்டில் ஒரு முறை பிள்ளைகளை அழைத்து வரும் தொழிலாளியை வாயிலுக்கு வெளியே நிறுத்தி அடையும் அமைதியைத் திட்டக்காரரின் வெற்றி என்று நான் ஒப்பமாட்டேன்.

செய்ய முடியாதது என்றால் வேறு கதை. செய்து காட்டியிருக்கிறார்கள். 1992 ஏப்ரல் 12-இல் பாரிஸ் அருகே திறந்த டிஸ்னி பூங்காவிலும் அதே கடைவீதி உண்டு; கோடியில் அதே போல் ஒரு கோட்டை உண்டு. வீதியை அவர்கள் அகலமாக்கவில்லை. இருபுறக் கடைகளின் பின்புறத்தில், வீதி நெடுகிலும் கூரையிட்ட நடைக்கூடம் ஒவ்வொன்று கட்டினர். கடைகளுக்கு வீதிப்பக்கம் ஒரு வாசல், கூடத்துப் பக்கம் ஒரு வாசல். வீதியில் அணிவகுப்பு நடக்கும்போது காண விரும்புபவர் முன்னே நிற்கலாம். வீடு திரும்ப விரும்புபவர் பின்னே கூடத்தின் வழியே நேராய் வாயிலுக்குச் செல்லலாம். அந்நாட்டுக் குளிர் மழையிலும் நனைய வேண்டியதில்லை. சுவர்களில் பழங்காலப் புதுமைகளைப் பற்றிய படங்களும் காட்சிப் பொருள்களும் உள்ளன. ஆகவே பின்வழியில் போகிறோம் என்ற குறையும் தோன்றாது. வீதியில் நிற்பவரோ அக்கூடங்கள் இருப்பதையே அறியாமல் கோட்டையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.