வாயைக் காப்போம்



பல் துலக்காமல் தேநீர் அருந்தலாகாது, சுவாமி படத்தின் முன்னும் நிற்கலாகாது என்று வளர்க்கப்பட்டவர்கள் நாம். வேப்பங்குச்சியோ, பற்பசையோ, காலைக் கடமையில் நாம் குறை வைப்பதில்லை. (உப்பும் கரியும் வைத்து அழுத்தித் தேய்ப்பவர்கள், பல்லின் மேற்பூச்சும் உடன் தேய்வதை அறிய வேண்டும்.) ஆனால் இரவில்? பல்லிடுக்கில் தங்கிய சோற்றையும் சீனியையும் கிருமிகள் அமிலமாக்குகின்றன. உறங்கும்போது அதைக் கழுவும் உமிழ்நீரும் குறைந்துவிடுகிறது. படுக்குமுன் துலக்குவதே மிக முக்கியம்.

பல்வலி கண்டால் மாத்தளைக்காரராகிய நாம் கராம்பைத் தேடுவோம். அதிலுள்ள யூஜினோல் என்னும் சத்து வலியை மரக்கச் செய்யும், சொத்தையை ஆற்றாது. வலி நின்றதே என்று வைத்தியரிடம் போகாமல் நாம் இழந்த பற்கள் எத்தனையோ!

இனிச் சொல்வதைப் பெரியோர்கள் பொறுத்தருள வேண்டும். கொழுந்து மலையில் பசியையும் குளிரையும் மறக்க, வெற்றிலையைக் கடைவாயில் அடக்கியே நாளைக் கழிப்பவர்கள் நம் தாய்மாரும் தந்தைமாரும். தாம்பூலத் தட்டை நாம் குறை கூறவில்லை. அது மங்கலப் பொருள். கேடு புகையிலையிலும் பாக்கிலும் இருக்கிறது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1985இல் அறிவித்தது. "நாம் புகையிலை போடுவதில்லையே" என்று ஆறுதல் கொண்டவர்களுக்கு 2004இல் மறுமொழி வந்தது: பாக்கு மட்டுமே போதுமாம். இலங்கை ஆண்களைப் பீடிக்கும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றே முன்னிற்கிறது.

எனினும் இந்நோய் பெரும்பாலும் முன்னறிவிப்புக் கொடுத்தே வருகிறது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் எரிவு, முன்போல் வாய் திறவாமை, இரண்டு வாரமாகியும் ஆறாத புண் ஆகியவை அதன் அறிகுறிகள். இவற்றைக் காண வைத்தியரே வேண்டுமென்பதில்லை. மருத்துவர் அல்லாத ஆரம்ப சுகாதார ஊழியர்கள் பயிற்சி பெற்று, மக்களின் வாயைப் பார்த்தே இவற்றைக் கண்டுபிடித்தார்கள். நம் நாட்டின் அவ்வனுபவம் 1984இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று.

ஆதலின் மாதம் ஒருமுறை, நல்ல வெயில் வெளிச்சத்தில், வீட்டுப் பெரியவர்களின் வாயைப் பார்ப்போம். கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், நாக்கின் அடி மூன்றையும் பார்க்க வேண்டும். திட்டு இருந்தால் அரசாங்க வைத்தியசாலையின் பல் வைத்தியப் பிரிவுக்கு உடனே அழைத்துச் செல்வோம். "வலிக்கவில்லையே, தம்பி" என்பார் தாத்தா. தொடக்கத்தில் அது வலிப்பதில்லை என்பதை அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்வோம்.