மன்னார் வளைகுடாவுக்கு ஒரு களப்பயணம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



விலங்கியல், தாவரவியல் மாணவர்களின் சூழலியல் களப்பயணத்துக்குச் சங்கம் நிதி கொடுப்பதாக முடிவாகியிருக்கிறது. எங்கே போவது, எப்படிப் போவது என்று என்னைப் பேசச் சொன்னார்கள். செயலாளர் பத்து நிமிஷம் என்றார். நான் வாத்தியார், பத்து நிமிஷத்தில் அட்டெண்டன்ஸ்தான் எடுத்துப் பழக்கம். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இடம் மன்னார் வளைகுடா என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் நடுவில் வரிசையாக 21 தீவுகள். 1986ல் கடல் தேசியப் பூங்கா ஆயிற்று. 1989ல் அதைச் சுற்றி 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் ஆயிற்று. 21 என்று புத்தகத்தில் படிக்கிறோம். பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி என்ற இரண்டும் இன்று தண்ணீருக்கு அடியில். சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததற்கு அதில் பெரிய பங்கு உண்டு. மிச்சமிருக்கும் பவளமும் 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடேறி வெளுத்துப்போய் அடிபட்டது. நம் பிள்ளைகள் சீக்கிரம் பார்க்க வேண்டிய இடம் என்று இதனால்தான் சொல்கிறேன்.

என் கைக்கு வந்த பயணத் திட்டத்தைப் பார்த்தேன். மதுரை, ராமேசுவரம், கன்னியாகுமரி, திரும்பும்போது குற்றாலம், நாலு நாள். அதில் சூழலியலுக்கு ஒதுக்கியது அரை நாள்! இதற்குப் பெயர் சுற்றுலா. சுற்றுலா போங்கள், நானும் வருகிறேன், முன் சீட் கொடுத்தால் போதும். ஆனால் களப்பயணம் என்று பில் போடக்கூடாது. என் யோசனை மூன்று நாள், ஒரே ஊர். அந்த ஊர் மண்டபம்.

ஏன் மண்டபம்? அங்கே நிலம் ஒரு நாக்கு மாதிரி நீண்டு கிடக்கிறது. வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு கடலில் காலை நனைத்துவிட்டு இன்னொரு கடலுக்கு நடந்தே போய்விடலாம். ராமேசுவரம் பக்கத்து மீனவர்கள் வடக்கை பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். இரண்டுக்கும் குணம் வேறு.

அடுத்தது தேதி. இதில்தான் கல்லூரிகள் தவறுகின்றன. இன்டர்னல் பரீட்சை எப்போது முடிகிறது என்று பார்த்து பஸ் பிடிக்கிறோம். கடலுக்கு நம் காலண்டர் தெரியுமா? கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தென்கடல் கொந்தளிக்கும். வாடை தொடங்கினால் வடகடல். இரண்டும் அடங்கிக் கிடப்பது தை, மாசியில். அதிலும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் நீர் நன்றாக வற்றும். குஜராத்தில் பாவ்நகர் பக்கம் கடல் பத்து மீட்டர் ஏறி இறங்கும். நம் பக்கம் ஒரு மீட்டர்கூட முழுசாக இல்லை. நேரத்தைத் தவறவிட்டால் பார்க்க வேண்டியதெல்லாம் தண்ணீருக்குள் போய்விடும். இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் ஓத அட்டவணை வெளியிடுகிறது. அதை வைத்துக்கொண்டு தேதி குறியுங்கள், ஜோசியர் பஞ்சாங்கம் பார்க்கிற மாதிரி.

சரி, அமாவாசை என்று வைத்தால்? தை அமாவாசைக்கு ராமேசுவரம் வழியில் பஸ் நகராது, அறை கிடைக்காது. மாசி அமாவாசை என்றால் சிவராத்திரிக் கூட்டம். ஆகவே மாசிப் பௌர்ணமி. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவும் அந்தச் சமயத்தில் வரலாம். அந்த நாட்களில் ராமேசுவரத்துப் படகுகள் தொழிலுக்குப் போகாது, மீன் இறங்குதளம் வெறிச்சென்று இருக்கும். விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நாலு நாள் என்று அங்கே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் மாணவர்களே விசாரித்துத் தேதி குறிக்கட்டும். பாதிப் பாடம் அதிலேயே முடிந்துவிடும்.

தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாது. இராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு இரண்டு மாதம் முன்பே எழுதுங்கள். குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறை விடும் படகில் போகலாம்; அதுவும் காற்று அனுமதித்தால்தான். ஒன்றையும் எடுத்து வரக்கூடாது. நம் துறை அலமாரியில் கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் பார்மலின் புட்டியில் இருக்கின்றன. 2001 முதல் அவை வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் உள்ளவை. பவளமும் அப்படியே. கடைவீதியில் எந்தச் சங்கு பட்டியலில் இருக்கிறது என்று நின்று ஆராய முடியாது. வாங்காமல் வந்துவிடுங்கள்.

அப்படியானால் என்ன கொண்டு வருவது? எண்ணிக்கை. அலை ஒதுக்கிய கோட்டில் 50 மீட்டர் கயிறு போடுங்கள். ஐந்து மீட்டருக்கு ஒரு தரம் பி.வி.சி. குழாயில் செய்த ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை வையுங்கள். உள்ளே கடற்புல் எவ்வளவு, பாசி எவ்வளவு, கிளிஞ்சல் எத்தனை, அறுந்த வலைத்துண்டு எத்தனை, பிளாஸ்டிக் எத்தனை. காலையில் வடகடல், மாலையில் தென்கடல். யாருக்கும் கேடில்லை, செலவும் இல்லை. அடுத்த வருஷமும் அதே பௌர்ணமியில், அதே இடத்தில், அதே கயிறு. சென்னை அரசு அருங்காட்சியகம் 1927ல் குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பதிவுசெய்து வெளியிட்டது. அன்றைக்கு யாரோ உட்கார்ந்து எழுதியதால்தானே இன்றைக்கு ஒப்பிட முடிகிறது?

சின்னப்பாலம், பாம்பன் பக்கத்தில் பாசி எடுக்கும் பெண்களைக் கட்டாயம் சந்திக்க வேண்டும். மரிக்கொழுந்துப் பாசி, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று அவர்கள் பிரிப்பதை நம் எம்.எஸ்.சி. மாணவர் சாவி புத்தகம் வைத்துக்கொண்டு பிரிக்க அரை மணி ஆகும். தீவைச் சுற்றிப் பரம்பரையாகப் பாசி எடுத்தவர்களுக்குப் பூங்கா வந்ததும் தடை வந்தது. பிறகு அவர்களே மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, இரும்புச் சுரண்டி தொடுவதில்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி என்ற அம்மையாருக்கு 2015ல் சீகாலஜி விருது கிடைத்தது. வனத்துறை சொல்வதையும் கேளுங்கள், இவர்கள் சொல்வதையும் கேளுங்கள். பௌர்ணமியை ஒட்டி அவர்களுக்கு வேலை நாள். சாயங்காலம் போய்ப் பாருங்கள். பகலில் உட்காரச் சொன்னால் அன்றைய வருமானத்தைக் கொடுத்துவிட வேண்டும். பொன்னாடை போர்த்தி போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

சின்ன விஷயங்கள். தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடக்க வேண்டும். மணலுக்குள் திருக்கை படுத்திருக்கும். படகில் ஏறும் எல்லோருக்கும் மிதவை அங்கி. மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கடற்கரையில் கழிப்பறை கிடையாது. தங்கும் இடத்திலிருந்து நடக்கும் தூரத்தில் வேலையை வையுங்கள். இரண்டு பேராசிரியைகள் வரட்டும். இதைச் சரியாகச் செய்யாததால் மகளை அனுப்ப மறுத்த பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன்.

சங்கத்தாருக்கு ஒரே விண்ணப்பம். ஒரு வருஷம் ஏசி பஸ்ஸுக்குக் கொடுக்கும் பணத்தைச் சாதா பஸ்ஸாக்கி ஐந்து வருஷத்துக்குப் பிரித்துக் கொடுங்கள். வடகடல், தென்கடல் என்று இரண்டு நோட்டுப் புத்தகம் துறையில் இருக்கட்டும். அடுத்த சந்திப்புக்கு வரும்போது அதைப் புரட்டிப் பார்க்க எனக்கு ஆசை. வன அலுவலகத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தின் மாதிரியைத் துறைத் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன்.