மருத்துவச்சிக் கல்வியை மாணவிகள் விரும்புவதேன்?

(கீரிப்பாறையில் கூடிய ஐக்கிய சங்க அங்கத்தினர்களிடையே கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



தவணையையும் வட்டியையும் பற்றியே பேசும் இன்ஸ்பெக்டர் பிரசவத்தைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் வியக்கலாம். பிரசவத்தில் ஒரு தாய் இறந்தால் அக்குடும்பம் அடையும் நஷ்டம் எந்தப் பேரேட்டிலும் ஏறாது. ஆகவே இதுவும் நம் சங்கத்தின் காரியமே.

முற்காலத்தில் மருத்துவச்சி வேலை ஒரு குலத்துப் பெண்களுக்கே உரியதாயிருந்தது. நள்ளிரவில் அவர்களை ஓடி அழைத்தோம். பொழுது விடிந்ததும் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். பிறர் தம் பெண்களை அத்தொழிலுக்கு அனுப்பக் கூசியது இதனாலேயே. நம் பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில், 1916-ல் திருவனந்தபுரம் தைக்காடு ஸ்திரீகள் வைத்தியசாலையில் பணியேற்ற டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் அம்மையார் மருத்துவச்சிப் பயிற்சியை ஆரம்பித்து, பரம்பரை மருத்துவச்சிகளின் மக்களையே அதில் சேர்த்தார். பழைய கைகளைப் பகைக்காமல் புதிய அறிவைப் புகுத்திய யுக்தி அது.

இன்று குல வரம்பு இல்லை. பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய பெண், துணைச் செவிலியர் மற்றும் மருத்துவச்சிப் பயிற்சியை 2 ஆண்டுகளில் முடிக்கலாம். ஏன் அதை விரும்புகிறாய் என்று ரப்பர் தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகளை வினவினேன். "என் தம்பி பிறந்த இரவில் பெருமழை, வண்டி வரத் தாமதமாயிற்று. அம்மையின் கையைப் பிடித்துக்கொள்வதன்றி வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. அது தெரிய வேண்டும் என்றுதான், ஐயா" என்றாள். உத்தியோகம், சம்பளம், சொந்த ஊரருகே ஜீவனம் என்பனவும் காரணங்களே. ஆயினும் அவை அவள் நாவில் முதலில் வரவில்லை.

பிரசவம் வியாதியன்று. ஆனால் இரத்த அழுத்தம் ஏறுதல், வலிப்பு, மிதமிஞ்சிய உதிரப்போக்கு ஆகிய அபாயக் குறிகளைக் காலத்தில் அறிந்து வைத்தியசாலைக்கு அனுப்பத் தெரிந்தவர் அருகே இருத்தல் வேண்டும். மலையடிவாரத்தில் வாழும் நமக்கு இது மிகவும் அவசியம். உலகில் 9 லட்சம் மருத்துவச்சிகள் குறைவென்று 2021-ல் ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் அறிக்கை கூறிற்று.

பெண்கள் தயார், தடுப்பவர் நாமே. "இரவு வேலை, தீட்டு, வரன் கிடைக்காது" என்கிறோம். நம்மை ஈன்ற இரவில் நம் தாயின் அருகே நின்ற கை எவ்வாறு தீட்டாகும்? கல்யாணச் செலவுக்கு நகையை ஈடுவைக்கத் தயங்காத நாம், மகளின் படிப்புக்குத் தயங்குவது நியாயமா? இத்தகைய மாணவி ஒருத்தி கடன் கேட்டுச் சங்கத்தின் படியேறினால், அவள் மனுவை முதலில் எடுத்து விசாரியுங்கள். அவள் படித்துத் திரும்புவது உங்கள் வீட்டுப் பிரசவத்திற்கே.