எபிசோடு 37: பாதிச் சிரிப்பு

எபிசோடு 36-க்கு அப்புறம் ஒரு வருஷத்துக்கு மேல ஆளையே காணோமேன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. என் காதுக்கு உள்பக்கம் ஒரு கட்டி இருந்தது. அதை எடுத்த பிறகு முகத்தோட இடது பக்கம் அசையாமப் போச்சு. இன்னைக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறேன்.

கட்டியோட பேரு அகூஸ்டிக் நியூரோமா. வெஸ்டிபுலர் ஷ்வானோமான்னும் சொல்வாங்க. காதுல இருந்து மூளைக்குப் போற எட்டாவது நரம்புல, நம்ம உடம்போட பேலன்ஸைப் பார்த்துக்கிற இழையோட உறையில வளர்ற கட்டி. இது கேன்சர் இல்லை. பெரும்பாலும் வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர்தான் வளரும். சிலருக்கு வளராம அப்படியே நின்னுடும்.

எனக்கு அப்போ 26 வயசு. ஆபீஸ் கால்ல இடது காதுல சத்தம் கேட்கும், ஆனா வார்த்தை புரியாது. ஹெட்செட் பிரச்சினையான்னு பார்க்க அதைத் திருப்பி மாட்டினேன். அப்பவும் இடது காதுதான் மக்கர் பண்ணுச்சு. ஈ.என்.டி. டாக்டர் ஆடியோகிராம் எடுத்தார். ரெண்டு காதுக்கும் நடுவுல வித்தியாசம் தெரிஞ்சதும் எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். கட்டி 2.5 சென்டிமீட்டர்.

இதுக்கு மூணு வழி இருக்கு. சின்னதா இருந்தா, அப்பப்போ ஸ்கேன் எடுத்துக் கவனிச்சுட்டு வரலாம். காமா நைஃப் மாதிரி கதிர்வீச்சு கொடுத்து வளராம நிறுத்தப் பார்க்கலாம். இல்லைன்னா ஆபரேஷன். கட்டியோட அளவு, வயசு, காது எவ்வளவு கேட்குதுன்னு எல்லாத்தையும் பார்த்து எனக்கு ஆபரேஷன்னு முடிவாச்சு.

சரி, காதுல இருக்கிற கட்டியை எடுத்தா முகம் ஏன் போகணும்? முகத்தை அசைக்கிற ஏழாவது நரம்பும் இந்த எட்டாவது நரம்பும் எலும்புக்குள்ள ஒரே குழாய் வழியா ஒண்ணா போகுது. ஒரே பைப்புல ரெண்டு வயர் மாதிரி. கட்டி பெருசாகும்போது முக நரம்பை நசுக்கி நூல் மாதிரி மெலிசாக்கிடும். ஆபரேஷன் நடக்கும்போது முகத் தசைகள்ல எலெக்ட்ரோடு வெச்சு நரம்பைக் கண்காணிச்சுட்டே இருப்பாங்க. எனக்கு நரம்பு அறுபடலை. ஆனா வேலை செய்யறதை நிறுத்திடுச்சு.

ஆபத்து முதல்ல கண்ணுக்குத்தான். இமை மூடலைன்னா கருவிழி காய்ஞ்சு புண்ணாகிடும். பகல்ல சொட்டு மருந்து, ராத்திரி களிம்பு போட்டு டேப் ஒட்டித் தூங்குவேன். காபி குடிச்சா உதட்டோரம் வழியும். அப்புறம் பேச்சு. ப, ம சொல்ல ரெண்டு உதடும் சேரணும். ‘அம்மா’ன்னு கூப்பிட்டாலே பாதிக் காத்து இடது ஓரமா வெளியே போயிடும். மைக் முன்னாடி உட்கார்ந்து பேசறவனுக்கு அது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அதைவிடக் கஷ்டமா இருந்தது வேற ஒண்ணு. அக்கா பொண்ணு வரைஞ்ச படத்தைக் காட்டினா. எனக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு சந்தோஷம். அவ என் முகத்தைப் பார்த்துட்டு, “மாமா, ஏன் கோவமா இருக்க?”ன்னு கேட்டா. முகம் சொல்லாததை வாயால சொல்லணும்னு அன்னைக்குப் புரிஞ்சது. “மாமாவுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. முகம்தான் இன்னும் சரியாகலை”ன்னேன். “சரி”ன்னு சொல்லிட்டு அடுத்த படம் வரையப் போயிட்டா. ஆபீஸ் மீட்டிங்லயும் இதையே ஒரு தடவை சொல்லிட்டேன்: “நான் முறைக்கிற மாதிரி தெரிஞ்சா, அது கோபம் இல்லை.” அதுக்கப்புறம் வீடியோவை ஆன் பண்றது எனக்கு லேசாச்சு.

நரம்பு திரும்ப வளர்ற வேகம் ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர். காதுக்குப் பின்னாடியிருந்து உதட்டோரம் வரைக்கும் அளந்து பாருங்க, மாசக் கணக்கு ஏன்னு தெரியும். அஞ்சாவது மாசம் கன்னத்துல ஒரு துடிப்பு வந்தது. சொந்தக்காரங்க எல்லாரும் “பலூன் ஊது, நல்லா அழுத்தி மெல்லு”ன்னாங்க. பிசியோதெரபிஸ்ட் வேண்டாம்னார். புதுசா வளர்ற இழைகள் வேற தசையில போய்ச் சேர வாய்ப்பு இருக்கு. அப்போ சிரிச்சா கண்ணும் சேர்ந்து மூடும். இதுக்கு சின்கைனீசிஸ்னு பேரு. அதனால கண்ணாடி முன்னாடி மெதுவா, சின்னச் சின்ன அசைவா பழகணும். எனக்கும் இப்போ சிரிச்சா இடது கண் லேசாச் சுருங்குது. கண்ணடிக்கிறேன்னு ஒரு கல்யாணத்துல போட்டோகிராஃபர் நினைச்சுட்டார்!

ஹல்க்கா நடிச்ச மார்க் ரஃபலோவுக்கும் இதே கட்டிதான். 2001-ல முதல் குழந்தை பிறக்கப் போற சமயத்துல தெரிய வந்தது. பிறக்கிற வரைக்கும் மனைவிகிட்ட சொல்லாம வெச்சிருந்தார். ஆபரேஷனுக்கு அப்புறம் பல மாசம் முகத்தோட இடது பக்கம் அசையலை. ‘சைன்ஸ்’ படத்துல இருந்தும் விலக வேண்டி வந்தது. முகம் மெல்லத் திரும்பி வந்தது. இடது காது வரலை. 2012-ல ‘தி அவெஞ்சர்ஸ்’ல நாம விசிலடிச்சுப் பார்த்த ஹல்க்குக்கு ஒரு காதுதான் கேட்கும்.

எனக்கும் அதேதான். ரோட்டுல ஹார்ன் எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு தெரியாது, நின்னு திரும்பிப் பார்த்துட்டுத்தான் கிராஸ் பண்றேன். டீக்கடையில நண்பர்களை வலது பக்கம் உட்கார வெச்சுக்கறேன். முகம் முழுசா பழையபடி வரலை. அது வரட்டும்னு காத்திருந்தா இந்த எபிசோடும் வந்திருக்காது.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். இன்னைக்கு ஒரு போன் காலை ரெண்டு காதுலயும் மாத்தி மாத்திக் கேளுங்க. ஒரு பக்கம் மட்டும் மந்தமாவோ, ஓயாம இரைச்சலாவோ இருந்தா ஈ.என்.டி. டாக்டரைப் பாருங்க. பெரும்பாலும் காதழுக்கு மாதிரி சாதாரணக் காரணமாத்தான் இருக்கும். ஆனா ஒரு காது திடீர்னு கேட்காமப் போனா அன்னைக்கே போங்க. முகம் திடீர்னு கோணினா ஒரு நிமிஷம்கூட யோசிக்காம ஆஸ்பத்திரிக்குப் போங்க, அது பக்கவாதமா இருக்கலாம்.

இந்தப் பதிவுல ப, ம கொஞ்சம் வழுக்கியிருக்கும். எடிட் பண்ணாம அப்படியே விட்டுட்டேன். அடுத்த எபிசோடுல சந்திப்போம்!