எந்தத் தண்ணீரில் பிறந்த களிமண்?

(சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



மயிலாப்பூர், பனகல் பார்க், அடையாறு பக்கம் மெட்ரோவுக்குத் தோண்டியதைப் பார்த்திருப்பீங்க, திட்டியும் இருப்பீங்க. பாதாள ஸ்டேஷனுக்கு முதலில் பக்கச்சுவர் இறக்க வேண்டும். தோண்டத் தோண்டப் பள்ளத்தில் சாம்பல் நிறக் கூழை நிரப்பிக்கொண்டே போவோம். அதுதான் பென்டோனைட். சுற்றியுள்ள மண் சரியாமல் தாங்குவது அந்தக் கூழ்தான். கம்பிக்கூண்டை இறக்கி அடியிலிருந்து கான்கிரீட் போட்டால் கூழ் மேலே வந்துவிடும். கூழ் சரியில்லையென்றால் பக்கத்துப் பழைய வீட்டில் விரிசல் விழும். அதனால் மூட்டையைப் பிரித்ததும் நான் பார்ப்பது, எவ்வளவு உப்புகிறது என்பதைத்தான். சோடியம் வகை நன்றாக உப்பும். கால்சியம் வகை அவ்வளவாக உப்பாது.

குஜராத்தின் கட்ச் பகுதியில் இது ஏராளம். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரவிய தக்காண எரிமலைக் குழம்பு, பாறையாகி, பிறகு நீர்பட்டு மாறிய களிமண். சரி, எந்த நீர்? மழையா, கடலா, பூமிக்குள்ளிருந்து வந்த வெந்நீரா? சுரங்கக்காரருக்கு இது காசு விஷயம். மழைநீர் வேலை என்றால் களிமண் பழைய நிலமட்டத்தை ஒட்டிப் பரவும், ஆழத்தில் குறையும். வெந்நீர் என்றால் பாறை வெடிப்பைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கும்.

கண்ணுக்குத் தெரியாத இதை ஆக்சிஜன் சொல்லிவிடும். ஏறக்குறைய 500 ஆக்சிஜன் அணுவில் ஒன்று எடை 18. மற்றவை பெரும்பாலும் 16. கதிரியக்கம் இல்லாததால் காலத்தால் சிதையாது. களிமண் உருவாகும்போது நீரில் இருக்கும் விகிதத்தைவிடக் கூடுதலாக 18-ஐச் சேர்த்துக்கொள்ளும். சாவினும் எப்ஸ்டீனும் 1970-இல் காட்டியபடி, சாதாரண வெப்பத்தில் ஸ்மெக்டைட் களிமண்ணுக்கு அது ஆயிரத்துக்குச் சுமார் 27. சூடு ஏற ஏற இது குறையும்.

ஆனால் மழைநீரிலேயே 18 கடல்நீரைவிடக் குறைச்சல். எண் குறைந்தால் காரணம் மழையா, சூடா? இங்கேதான் ஹைட்ரஜனையும் அளக்கிறார்கள். மழைநீரில் இரண்டும் சேர்ந்தே மாறும் என்று 1961-இல் ஹார்மன் கிரெய்க் ஒரு நேர்கோடு போட்டார். குளிர்ந்த மழைநீரில் பிறந்த களிமண்ணுக்கும் அதற்கு இணையாக ஒரு கோடு உண்டு. வெந்நீரில் பிறந்தது அதைவிட்டு விலகி நிற்கும்.

அளப்பதில் ஒரு வேடிக்கை. நம்ம ஊர் நவம்பரில் இந்தப் பொடியைத் திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அப்படியே அளந்தால் கோடி வருஷக் கதை வராது, அடையாறு முகத்துவாரத்துக் காற்றின் கதைதான் வரும்! ஆகவே வெற்றிடத்தில் சூடாக்கி அந்த ஈரத்தை விரட்டுகிறார்கள். பிறகு புரோமின் பென்டாஃபுளோரைடு கொண்டு, கனிமத்துக்குள் பூட்டிக் கிடக்கும் ஆக்சிஜனை வெளியே எடுக்கிறார்கள். மணல் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் கணக்கு கெடும். நுண்துகளை மட்டும் பிரித்தெடுப்பது பொறுமைசாலிகள் வேலை. கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட் தம்பிகள் கவனிக்க.

வெளியே டீ மேஜையில் இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்திருக்கிறேன். ஒன்றில் சோடியம் வகை, மற்றதில் கால்சியம் வகை. இரண்டிலும் ஒரே அளவு பொடி, ஒரே அளவு தண்ணீர். காலையில் போட்டது இப்போது எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று பாருங்க. கேள்விகளை அங்கேயே வைத்துக்கொள்வோம்.