கடாரம் வென்ற கலம்
(குருபரப்பள்ளித் தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கடல் காணாத ஊர் நம் குருபரப்பள்ளி. ஆயினும் பொறியகங்கள் சூழ்ந்த இவ்வெல்லைப் பகுதியில் மயிரிழையும் பிசகாமல் அளந்து கடையும் கைகள் மலிந்துள்ளன. அக்கைகளிடம் ஒரு பணியை ஒப்படைக்க வந்துள்ளேன். கி.பி. 1025-இல் இராசேந்திர சோழன் கடாரத்தின்மேல் செலுத்திய போர்க்கலத்தின் சிறுவடிவை மரத்தில் செய்யுங்கள்!

ஆனால், உண்மையாய்ச் செய்யுங்கள். ஐரோப்பியர் கப்பலைப் பார்த்துச் செதுக்கி, விலாவில் பீரங்கிகளைப் பொருத்திப் புலிக்கொடி ஏற்றிவிட்டால் அது சோழர் கலமாகிவிடாது. பீரங்கி என்னும் சொல்லே பறங்கியரோடு வந்தது. அதற்கு ஏறத்தாழ ஐந்நூறாண்டு முன்னரே நம் கலங்கள் கடாரம் கண்டன! பொய்ப்பெருமை, பகைவர்க்கு நாமே வழங்கும் படைக்கருவி.

சோழர் கலத்தின் வரைபடம் எஞ்சவில்லை, துணைச்சான்றுகள் உள. சாதவாகனர் காசில் இருபாய்மரக் கலம். அசந்தா ஓவியத்தில் மும்பாய்மரக் கலம். சென்னைக் கரையில் அலைகடந்த மசூலாப்படகோ, ஆணியின்றிக் கயிற்றால் தைத்த பலகைகளால் ஆனது. அவ்வசந்தா ஓவியத்தைக் கொண்டே, பலகை தைத்துத் திசைத்துடுப்புப் பூட்டிய 'கௌண்டினியா' கலத்தை 2025-இல் இந்தியக் கடற்படை சேர்த்துக்கொண்டது. அதன் சிறுவடிவை நீரிலிட்டு ஆய்ந்தது சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம். பெயர் வடமொழி, ஆய்ந்த இடம் தமிழகம்!

ஐம்பதில் ஒரு பங்காகச் செய்யுங்கள். ஏரா, அணியம், பாய்மரம் என உறுப்புதோறும் தமிழ்ப்பெயர் பொறியுங்கள். சான்றுள்ளது எது, நாம் உய்த்துணர்ந்தது எது எனப் பிரித்தெழுதுங்கள். கேட்பவர்க்குச் சான்று காட்டும் கலமே கரைசேரும்!