பாடிப் போனவர் திரும்பி வர வேண்டும்

பிள்ளை பட்டம் வாங்குவதைப் பார்க்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, தந்தையரே, இன்று பட்டம் பெறும் என் தம்பி தங்கைகளே!

காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தபோது, மரக்காணத்து உப்பளங்களைப் பார்த்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். கண்ணுக்கு எட்டிய தூரம் பாத்திகள். வரப்போரம் வெள்ளை வெள்ளையாகக் குவியல்கள். சிலவற்றை ஓலை போட்டு மூடியிருந்தார்கள். ஓர் அம்மா சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, நீளக் கழியில் பொருத்திய பலகையால் உப்பை வரப்புப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் இழுப்புக்கும் பாத்திக்குள் சர்ரென்று ஒரு சத்தம். நான் அந்தச் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவன். இந்த மேடையில் நிற்கும்போதும் அதுதான் காதில் இருக்கிறது.

சங்க இலக்கியமான சிறுபாணாற்றுப்படையில் வரும் எயிற்பட்டினம் இந்த மரக்காணம்தான் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் நெய்தல் நிலத்து உப்பை உமணர்கள் வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் விற்றார்கள். ஆந்திரத்திலிருந்து கடலோரமாகவே வரும் பக்கிங்காம் கால்வாய் இந்த மரக்காணத்தில் வந்து முடிகிறது. அதன் படகுகளிலும் உப்பு போயிருக்கிறது. இன்று லாரியில் போகிறது. இரண்டாயிரம் ஆண்டுகளாக இந்தக் கரை ஊருக்கெல்லாம் உப்பை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அப்படிப் போனதில் இந்தக் கரைக்குத் திரும்பி வந்தது எவ்வளவு? இந்தக் கேள்வியோடுதான் இன்று உங்கள் முன்னால் நிற்கிறேன். இதற்கான பதிலை எனக்குச் சொல்லிக் கொடுத்தது ஒரு விளையாட்டு. ஆகவே இன்று உங்களிடம் கபடியைப் பற்றியும், கண்ணை எடுக்கவிடாமல் ஆடிய சில ஆட்டக்காரர்களைப் பற்றியும் பேசப் போகிறேன்.

கபடிக்குப் போகும் முன், கொஞ்சம் தொலைவிலிருந்து தொடங்குகிறேன். அமெரிக்காவில் ஒரு கால்பந்து இருக்கிறது. பெயர்தான் கால்பந்து, பந்து இருப்பதெல்லாம் பெரும்பாலும் கையில்தான். பந்தை அணைத்துக்கொண்டு ஓடுகிறவரை எதிரணியினர் பாய்ந்து பிடித்து மண்ணில் சாய்ப்பார்கள். அந்த ஆட்டத்தில் பாரி சாண்டர்ஸ் என்று ஒருவர் இருந்தார். 1989 முதல் 1998 வரை டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்கு ஆடினார். ஐந்தடி எட்டு அங்குல உயரம், மலை போன்ற ஆட்களுக்கு நடுவே சின்ன உருவம். நாலு பேர் சூழ்ந்துகொண்டால், பிடிக்க வந்த கை காற்றைத்தான் பிடிக்கும், ஆள் அதற்குள் வேறு பக்கம் போயிருப்பார். எல்லையைத் தாண்டிப் புள்ளி எடுத்த பிறகு மற்றவர்கள் ஆடிப் பாடிக் கொண்டாடுவார்கள். சாண்டர்ஸ் பந்தை நடுவர் கையில் கொடுத்துவிட்டு அமைதியாகத் திரும்பிவிடுவார். அவர் ஓடும் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் ஊர்க் கபடிக் களம் நினைவுக்கு வரும். பிடிக்க வரும் கைகளுக்கு நடுவில் தனியாக நிற்கும் ஒரு மனிதர், இரண்டு ஆட்டத்திலும் அவர்தான் நடுநாயகம்.

கபடியில் அந்தத் தனிமைக்கு ஒரு கணக்கு உண்டு. பதின்மூன்று மீட்டர் நீளம், பத்து மீட்டர் அகலம் உள்ள களம். நடுவில் ஒரு கோடு. அந்தப் பக்கம் ஏழு பேர். நீங்கள் ஒருவராக, கையில் எதுவும் இல்லாமல், கபடி கபடி என்று விடாமல் பாடிக்கொண்டு அந்தக் கோட்டைத் தாண்டுகிறீர்கள். முப்பது வினாடி நேரம். பாட்டு அறுந்தால் அவுட். பிடித்து அமுக்கிவிட்டால் அவுட். ஒருவரைத் தொட்டுவிட்டீர்கள், அதனால் மட்டும் புள்ளி வந்துவிடாது. தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினால்தான் புள்ளி. ஏழு பேர் மேலே விழுந்து அமுக்கும்போதும் விரல் நுனியாவது கோட்டில் பட்டுவிட வேண்டும் என்று உடம்பு நீளும் பாருங்கள், அந்த ஒரு நொடியில் அரங்கமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

ஹரியானாவிலிருந்து வந்த பர்தீப் நர்வாலை, புரோ கபடி என்ற தொழில்முறைப் போட்டித் தொடரைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். எதிரணியினர் கைகோத்துச் சங்கிலி போட்டு வருவார்கள். அந்தச் சங்கிலிக்குக் கீழே குனிந்து, குளத்தில் முங்கி எழுவதுபோல மறுபக்கம் எழுந்து நடுக்கோட்டைத் தொட்டுவிடுவார். டுப்கி என்று அதற்குப் பெயர். 2017ஆம் ஆண்டு சீசனில் பாட்னா அணிக்காக ரெய்டில், அதாவது பாடிப் போய், 369 புள்ளிகள் எடுத்தார். அதே சீசனில் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்கு எதிராக ஒரே ரெய்டில் எட்டுப் புள்ளி. களத்தில் நின்ற ஆறு பேரையும் தொட்டுவிட்டுத் திரும்பினார், எதிரணி முழுவதையும் வெளியேற்றும் ஆல் அவுட்டுக்கு இரண்டு சேர்ந்து எட்டு ஆயிற்று. அந்த ரெய்டைத் திரும்பப் போட்டுப் பாருங்கள். எதிரணி முழுவதும் மேலே வந்து விழுகிறது. அதற்குள்ளிருந்து அவர் கோட்டைத் தொட்டுவிடுகிறார்.

நம் மண்ணிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி என்ற சிற்றூரிலிருந்து கிளம்பிய கணேசன், 1994இல் ஹிரோஷிமா ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். அர்ஜுனா விருதும் பெற்றார். அவர் ஊர்ப் பெயர் அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. மணத்தி கணேசன் என்றால்தான் தெரியும். அவர் வாழ்க்கையை ஒட்டி மாரி செல்வராஜ் இயக்கிய பைசன் படம் 2025இல் வந்தபோது, அந்த ஊரின் பெயரைத் தமிழ்நாடே சொன்னது. ஒருவர் ஆடிய ஆட்டத்தால் ஓர் ஊருக்கு முகவரி கிடைத்தது.

தர்மராஜ் சேரலாதனைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். தஞ்சை மாவட்டத்துக்காரர், 1975இல் பிறந்தவர். பாடிப் போகிறவர்களைத்தான் உலகம் கொண்டாடும். இவர் பிடிக்கிற ஆளாக, களத்தின் ஓரத்தில், கார்னரில் நின்று ஆடியவர். நாற்பதைத் தொட்டால் ஆட்டக்காரர்கள் ஓய்வு பெற்றுப் பயிற்சியாளர் ஆகிவிடுவார்கள். இவர் நாற்பத்தொரு வயதில், 2016ஆம் ஆண்டில், பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிப் புரோ கபடிக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று அகமதாபாத்தில் இந்தியா ஈரானை 38-29 என்று வென்று உலகக் கோப்பையை எடுத்தபோது அந்த அணியிலும் இருந்தார்.

அவர் ஆடிய ஆட்டங்களைப் பார்க்கும்போது பந்தயத்தை மறந்துவிட்டுக் காலைப் பாருங்கள். பாடி வருகிறவர் காலைத் தூக்கும் வரை அசையமாட்டார். கால் தரையை விட்டு எழும் நேரம் பார்த்துக் கணுக்காலில் கை போகும். அவசரப்பட்டுப் பாய்கிற இளைஞர்கள் தொடுபுள்ளி கொடுத்துவிட்டு வெளியே போவார்கள், இவர் களத்தில் நிற்பார். மழை வடிந்த பிறகு உப்பளத்தில் பாத்தி மிதிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நாள் கணக்கில் மிதித்து மிதித்துக் களிமண்ணை இறுக்கினால்தான் பாத்தி தண்ணீரைத் தாங்கும். அதற்கு முன் அவசரப்பட்டு நீரைக் கட்டினால் உப்போடு சேறும் வரும். சேரலாதனின் ஆட்டத்தில் எனக்கு அந்தப் பொறுமை தெரிந்தது. வேலை கிடைக்க இரண்டு வருடம் ஆகிறதே என்று உங்களில் யாராவது ஒரு நாள் சோர்ந்து உட்கார்ந்தால், நாற்பத்தொரு வயதில் உலகக் கோப்பை ஆடியவரை நினைத்துக்கொள்ளுங்கள்.

2025 அக்டோபரில் பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி நடந்தது. இந்தியப் பெண்கள் அணி இறுதி ஆட்டத்தில் ஈரானை 75-21 என்று வென்றது. அந்த அணியின் துணைத் தலைவி சென்னை கண்ணகி நகர் கார்த்திகா. நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம் கண்ணகி நகர். அந்தப் பெண் தன் ஊர்ப் பெயரை மறைக்கவில்லை. இன்று கண்ணகி நகர் கார்த்திகா என்றே ஊர் அழைக்கிறது. அதே போட்டியில் தங்கம் வென்ற ஆண்கள் அணியில் திருவாரூர் மாவட்டம் வடுவூரைச் சேர்ந்த அபினேஷ் ஆடினார். இந்த இருவரும் ஆடும்போது வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடாதீர்கள்.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கபடிக்கு வாய்த்த பெரிய அழகு என்று நான் நினைப்பது அதன் ஒரு விதியை. அவுட் ஆனவர் களத்துக்கு வெளியே வரிசையில் போய் உட்கார வேண்டும். உள்ளே இருக்கிற தன் அணிக்காரர் ஒருவர் எதிரணி ஆளை அவுட் ஆக்கினால், உட்கார்ந்தவர்களில் ஒருவர் எழுந்து உள்ளே வரலாம். எங்கள் ஊரில் அவுட் ஆனவரைச் செத்தவர் என்போம், உள்ளே வருகிறவரை உயிர் வந்தவர் என்போம். யோசித்துப் பாருங்கள், நீங்கள் எடுக்கும் புள்ளி இன்னொருவருக்கு உயிர் கொடுக்கிறது.

2022ஆம் ஆண்டு புரோ கபடியில் நம் தமிழ் தலைவாஸ் அணிக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2.26 கோடி ரூபாய் கொடுத்து எடுத்த பவன் செஹ்ராவத் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்த சீசன் முழுக்க வெளியே உட்கார வேண்டியதாயிற்று. அணி முடிந்தது என்றார்கள். அந்த சீசனில்தான் முதல்முறையாகக் களமிறங்கிய நரேந்தர் என்ற இளைஞர் 200க்கு மேல் ரெய்டு புள்ளிகள் எடுத்தார். தலைவாஸ் தன் வரலாற்றில் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. பெரிய ஆள் உட்கார்ந்த இடத்தில் யாரும் பெயர் அறியாத ஒருவர் எழுந்தார். அணி என்றால் அதுதான்.

என் வீட்டிலும் ஒருவர் அப்படி வெளியே உட்கார்ந்தார். என் அக்கா. எங்கள் தெருவிலேயே அவளுக்குத்தான் மூச்சு அதிகம். உப்பளத்தை ஒட்டிய மேட்டில் சுண்ணாம்புத் தூளால் கோடு போட்டு ஆடுவோம். அவள் பாடி வந்தால் பையன்கள் பின்வாங்குவார்கள். பெரியவள் ஆன பிறகு ஆடக் கூடாது என்றார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பும் நின்றது. அவள் அளத்துக்கு வேலைக்குப் போன வருடம்தான் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். எனக்கு வாங்கிய நோட்டும் பேனாவும் அவள் சுமந்த கூடைகள்தான் என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆனது.

பட்டம் வாங்கிய அன்று சாயங்காலம் நேராக அளத்துக்குப் போனேன். தலையில் கூடையோடு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். காகிதத்தை நீட்டினேன். உடனே வாங்கவில்லை. "இருடா, கையைக் கழுவிட்டு வர்றேன்" என்று ஓடினாள். வெடித்த விரல்களில் உப்பு ஒட்டியிருந்தது, பட்டத்தில் பட்டுவிடக் கூடாதாம். கழுவித் துடைத்துக்கொண்டு வந்து இரண்டு கையாலும் வாங்கி, என் பெயரை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

அன்று வரை ஆடிய ஆட்டத்தில் பாதிதான் எனக்குத் தெரிந்திருந்தது. பிறகு அவள் மகளைப் படிக்க வைத்தோம். அந்தப் பெண்ணும் இப்படி ஓர் அரங்கத்தில் பட்டம் வாங்கினாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அக்கா, மகள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்து நின்றுவிட்டாள். இத்தனை வருடம் கழித்து அவள் களத்துக்குள் வந்தாள் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

தம்பி தங்கைகளே, போங்கள். சென்னைக்குப் போங்கள், பெங்களூருக்குப் போங்கள், கடல் தாண்டியும் போங்கள். போகாமல் புள்ளி இல்லை. போகும்போது பாட்டு அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நேர்மையும் சுயமரியாதையும்தான் அந்தப் பாட்டு. தொட வேண்டியதைத் தொட்ட பிறகு நடுக்கோட்டை மறந்துவிடாதீர்கள். திரும்பி வருவதென்றால் இங்கேயே வந்து குடியிருக்க வேண்டும் என்று பொருளில்லை. பக்கத்து வீட்டுத் தங்கை கல்லூரி விண்ணப்பம் நிரப்பத் தெரியாமல் நின்றால், எங்கே இருந்தாலும் போனில் கூட இருந்து நிரப்பிக் கொடுங்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கபடிக் களம் அமைய வழி செய்யுங்கள். மழைக்காலத்தில் அளம் மூடி வேலையில்லாமல் இருக்கும் குடும்பத்தில் ஒரு பிள்ளையின் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். இரண்டாயிரம் ஆண்டுகளாக வெளியே போய்க்கொண்டே இருந்த இந்தக் கரையின் உப்புக்கு, திரும்பி வருகிற பங்கு நீங்கள்தான்.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்காக யார் வெளியே உட்கார்ந்தார்களோ அவர்களைத் தேடிப் போங்கள். அம்மாவாக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், பாதியில் படிப்பை விட்ட தோழியாக இருக்கலாம். அவர்கள் கையைக் கழுவிக்கொண்டு வரும் வரை காத்திருந்து, இந்தப் பட்டத்தை அவர்கள் கையில் கொடுங்கள்.